டீசல் பம்ப்: ஒரே பேரு, ரெண்டு பம்ப்

"டீசல் பம்ப் போயிருச்சு"ன்னு சொன்னா, எந்த பம்புன்னு முதல்ல கேக்கணும். டீசல் வண்டியில பம்புன்னு ரெண்டு இருக்கு. டேங்க்ல இருந்து டீசல இழுத்து ஃபில்டர் வழியா கொண்டு வந்து குடுக்குறது ஃபீட் பம்ப். அப்படி வந்த டீசல அளந்து, நேரம் பாத்து, நாசில் (டீசல பீய்ச்சுற முனை) வழியா சிலிண்டருக்குள்ள அடிக்கிறது எஃப்.ஐ. பம்ப், அதாவது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப். பழைய லாரிகள்ல இன்லைன் பம்போட, அதாவது சிலிண்டருக்கு ஒண்ணா வரிசையா அமைஞ்ச எஃப்.ஐ. பம்போட பக்கவாட்டுலயே ஃபீட் பம்ப மாட்டியிருப்பாங்க, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குறதால பேரும் ஒண்ணாவே ஆயிருச்சு. ஆனா செலவு ஒண்ணு இல்ல, ஃபீட் பம்புக்கு வால்வு, ஸ்ப்ரிங் மாத்துனா சரியாப் போற இடத்துல எஃப்.ஐ. பம்ப கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல (பம்ப சோதிக்கிற மெஷின்ல) ஏத்தி ஒரு பெரிய பில் கட்டுறவங்க இருக்காங்க, அதுக்குத்தான் இந்த விளக்கமே.

பம்ப்-ங்கிற சொல் ஆங்கிலத்துல 15ஆம் நூற்றாண்டுலயே இருக்கு, டச்சு, ஜெர்மன் கரைப் பக்கம் கப்பல்காரங்க பேச்சுல இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல அது அடிபம்பு, பம்புசெட்டுன்னு எப்பவோ தமிழா ஆயிருச்சு. டீசல்-ங்கிறது ஒரு ஆளோட பேரு. ருடால்ஃப் டீசல், 1858ல பாரிஸ்ல பிறந்த ஜெர்மன்காரர், 1897ல ஆக்ஸ்பர்க்ல அவரோட இன்ஜின் நல்லபடியா ஓடிக் காட்டுச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த முதல் இன்ஜின்ல இப்ப நாம சொல்ற மாதிரி டீசல தனியா அழுத்தி அடிக்கிற பம்ப் கிடையாது, அழுத்தின காத்து தான் எண்ணெய உள்ள ஊதித் தள்ளும், அந்தக் காத்துக்கு பெரிய கம்ப்ரசர் வேணும், அத எல்லாம் தூக்கி லாரியில வெக்க முடியாது. 1927ல ஜெர்மனியில பாஷ் கம்பெனி இன்ஜெக்‌ஷன் பம்ப மொத்தமா தயாரிக்க ஆரம்பிச்ச பிறகு தான் டீசல் லாரி பெருகுச்சு. அதே பாஷ் 1951ல பெங்களூர்ல மைக்கோன்னு ஆரம்பிச்சது, அதனால தான் வயசான மெக்கானிக்குங்க இன்னைக்கும் "மைக்கோ பம்பா, சி.ஏ.வி. பம்பா"ன்னு கேப்பாங்க, சி.ஏ.வி.ங்கிறது இன்னொரு பம்ப் பிராண்டு.

தமிழ்ல பம்புக்கு எக்கின்னு ஒரு நல்ல சொல் இருக்கு. வயித்த எக்கிப் பிடிக்கிறதுன்னு சொல்றோம்ல, உள்ள இழுக்குறது, அந்த எக்கு தான். நீரை எக்குதல்னா பீய்ச்சி அடிக்கிறதுன்னும் பொருள் இருக்கு, அப்ப இழுக்குறது, அடிக்கிறது ரெண்டும் அந்த ஒரு வேர்லயே அடங்கிருது. விசையியக்கக் குழாய்னு பாடப்புத்தகத்துல போட்டத யாரும் வாயால சொல்லி நான் கேட்டதில்ல. இலங்கையில பம்பின்னு எழுதுவாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு. என்னைக் கேட்டா ஃபீட் பம்ப் ஊட்டு எக்கி, இன்ஜெக்‌ஷன் பம்ப் பீய்ச்சு எக்கி. பேரக் கேட்டாலே எது என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சிரும்.

இப்ப எது போச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல, சைலன்சர்ல துளி புகை கூட வரலன்னா டீசல் சிலிண்டருக்கே போகலன்னு அர்த்தம். டேங்க்ல டீசல் இருக்கா, ஃபில்டர் அடைச்சிருக்கா, தண்ணி சேந்திருக்கான்னு பாத்துட்டு, ஃபீட் பம்ப் மேல இருக்குற கைப்பம்ப அடிச்சுப் பாக்கணும். எவ்வளவு அடிச்சாலும் கை இறுகாம லூசாவே போகுதுன்னா ஒண்ணு வர்ற லைன்ல ஏர் எடுக்குது, இல்ல உள்ள இருக்குற வால்வு மூடல. ஃபில்டர் தலையில இருக்குற ஏர் ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணிட்டு அடிங்க, நுரை நுரையா வந்துட்டே இருந்தா ஏர் தான். சந்தேகம் தீரலன்னா சுத்தமான டீசல் ஒரு கேன்ல எடுத்து, ஃபீட் பம்புக்கு நேரா ஒரு ஹோஸ் குடுத்து ஓட்டிப் பாருங்க, நல்லா ஓடுச்சுன்னா பம்ப் மேல குத்தமே இல்ல, டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல தான் எங்கயோ பிரச்சினை. இன்னொண்ணு, டிப்ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க. ஆயில் லெவல் ஏறியிருந்து டீசல் வாடை அடிச்சா எக்கியில எங்கயோ கசிஞ்சு டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்குது, அத வெச்சுக்கிட்டு வண்டிய ஓட்டக்கூடாது, பேரிங் போயிரும்.

ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் பலமா வருது, நாசில் முனையில பைப் நட்ட லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சா மட்டும் ஒரு சொட்டு கூட வரலன்னா அப்ப தான் எஃப்.ஐ. பம்ப சந்தேகப்படணும். அதுக்கும் முன்னாடி இன்ஜின நிறுத்துற ஸ்டாப் கேபிள் ஒட்டிக்கிட்டு நிக்குதா, டீசல திறந்து விடுற சோலனாய்டுக்கு கரண்ட் வருதான்னு பாத்துருங்க. முக்கியமா, இந்த நட் லூஸ் பண்ற வேலை பழைய இன்ஜினுக்கு மட்டும் தான். காமன் ரெயில் வண்டியில, அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவா ஒரே குழாயில டீசல அழுத்தி வெச்சிருக்குற புது வண்டியில, அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல போகும், அந்தப் பீய்ச்சல் தோல துளைச்சு உள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளி மாதிரி தான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கை வெக்கவே வெக்காதீங்க, ஸ்கேனர் போட்டு ரெயில் பிரஷர் பாக்கட்டும்.

மாத்துறதுல ஊட்டு எக்கி சுலபம், போல்ட்ட கழட்டி புது கேஸ்கட், புது செம்பு வாஷர் போட்டு மாட்டி, முதல்ல ஃபில்டர்லயும் அப்புறம் பம்ப்லயும் உள்ள இருக்குற ஏர வெளிய எடுத்து விட்டா முடிஞ்சுது. பழைய வாஷரையே திருப்பிப் போட்டா மறுபடியும் ஏர் உள்ள இழுக்கும். பீய்ச்சு எக்கி அப்படி இல்ல, கழட்டுறதுக்கு முன்னாடியே ஒண்ணாம் சிலிண்டர கம்ப்ரஷன்ல டைமிங் குறிக்கு கொண்டு வந்து, கியர்லயும் ஃப்ளாஞ்சுலயும் கோடு போட்டுக்கணும். உள்ள இருக்குற எலிமென்ட் ஜோடி, அதாவது பிளஞ்சரும் அது ஓடுற குழலும், மைக்ரான் கணக்குல தேய்ச்சு சேத்தது, ஒண்ண எடுத்து இன்னொண்ணோட மாத்திப் போடக்கூடாது, பிரிச்சா கட்டாயம் டெஸ்ட் பெஞ்ச்ல கேலிபரேஷன் (டீசல் அளவு சரியான்னு) பாக்கணும். டைமிங் முன்னாடி போனா இன்ஜின் நாக்கிங் அடிக்கும், பின்னாடி போனா வெள்ளைப் புகையும் சூடும் வரும், இழுவையும் இருக்காது. ரோட்டரி பம்ப், அதாவது சுழலுற ஒரே தலையில இருந்து எல்லா சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்குற எஃப்.ஐ. பம்ப், அதுக்கு டீசலே தான் உள்ள மசகு எண்ணெய், அதனால டேங்க் காலியாகுற வரைக்கும் ஓட்டுற பழக்கம் உள்ளவங்க வண்டியில அது சீக்கிரமே தேஞ்சு போகும்.