அமைலாய்டு: பெயரில் மாவு, பொருளில் புரதம்

அல்சைமர் முதலிய நோய்களில் திசுக்களில் படியும் புரதப் பொருளை 'அமிலாய்டு' என்று எழுதிவிட்டால் தமிழ்க் கண்ணுக்கு முதலில் படுவது அமிலம்தான். ஏதோ புளிப்புச் சமாச்சாரம், மூளையை அரித்துத் தின்னும் திராவகம் என்று வாசகர் நினைத்துக்கொண்டால் குற்றம் அவர் மேல் இல்லை. அமிலம் வடமொழியில் புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்பதிலிருந்து வந்த சொல். அமைலாய்டு கிரேக்கத்தில் மாவைக் குறிக்கும் 'அமைலோன்' வழியாக வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உமிழ்நீரில் உள்ள நொதியை அமைலேஸ் என்றும், மாவுச்சத்தின் ஒரு கூற்றை அமைலோஸ் என்றும் பள்ளிப் பாடத்திலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். வேர் அதேதான் என்பதால் 'அமைலாய்டு' என்று எழுதுவதே குழப்பத்தைக் குறைக்கும்.

'அமைலோன்' என்பதைப் பிரித்தால் 'அ' எதிர்மறை, 'மைலே' திரிகை. திரிகையில் இடாமல் எடுத்த மாவு என்று பொருள். பண்டைக் காலத்தில் கோதுமையை நாள்கணக்கில் ஊறவைத்து, நசுக்கிப் பிழிந்து, அந்தப் பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கிய வெண்மையைக் காயவைத்து எடுத்தார்கள். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுத்தவர்களுக்கு இந்த வேலை தெரிந்ததே. நாம் நடுவில் ஒருமுறை ஆட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான். லத்தீனில் இது 'அமைலம்' ஆனது. பின்னொட்டாக வரும் 'ஆய்டு', வடிவம் என்று பொருள்படும் 'எய்டோஸ்' என்பதிலிருந்து வந்தது. 'அதைப் போன்றது' என்று கொள்ளலாம். ஆக, அமைலாய்டு என்றால் மாவைப் போன்றது.

இந்தப் பொருளில் மாவு துளியும் கிடையாது என்பதுதான் வேடிக்கை.

தாவரவியலில் இச்சொல்லை 1838-இல் ஷ்லைடன் மாவுத்தன்மை கொண்ட தாவரப் பொருளுக்குப் பயன்படுத்தினார். அதை நோயியலுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ. 1854-இல் அவர் மூளைத் திசுவில் கண்ட சிறு உருண்டைகள் மீது அயோடின் விட்டார். வெளிர் நீலம் வந்தது. கந்தக அமிலம் சேர்த்ததும் ஊதாவானது. அயோடினுக்கு நீலம் காட்டினால் மாவு, அமிலமும் சேர்ந்து ஊதா காட்டினால் செல்லுலோஸ் என்பது அன்றைய பாலபாடம். இரண்டுக்கும் உறவான ஏதோ ஒன்று என்று முடிவுகட்டி இந்தப் பெயரை வைத்தார். கல்லீரலும் மண்ணீரலும் மெழுகுபோல இறுகிப் போகும் நோயில் படிந்திருந்த பொருளும் அயோடினுக்கு நிறம் மாறியதால் அதுவும் இதே பெயருக்குள் வந்து சேர்ந்தது.

ஐந்தே ஆண்டுகளில் பெயர் பொய்த்தது. 1859-இல் ஃப்ரீட்ரைஷும் கெக்குலேயும் (பென்சீன் வளையத்தால் பின்னாளில் புகழ்பெற்ற அதே கெக்குலே) இப்படிப்பட்ட ஒரு மண்ணீரலை எடுத்து வேதிப்பகுப்பு செய்தார்கள். மாவோ செல்லுலோஸோ அகப்படவில்லை. நைட்ரஜன் நிறைய இருந்தது. நைட்ரஜன் மிகுந்தால் அது புரத வகை. ஆனால் பெயர் அதற்குள் புழக்கத்தில் ஊறிவிட்டதால் மாற்றுவாரில்லை. அயோடின் ஏன் நிறம் காட்டியது என்பதற்கு, புரதத்தோடு கூடவே படியும் சர்க்கரைச் சங்கிலிகள்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இனி இன்றைய பொருள். அமைலாய்டு என்பது ஒரு தனிப்பட்ட புரதத்தின் பெயர் அன்று. புரதம் அடுக்கிக்கொள்ளும் ஒரு முறையின் பெயர். உடலில் வேலை செய்யும் பெரும்பாலான புரதங்கள் தமக்குரிய வடிவில் மடிந்து கரைந்து திரிகின்றன. ஏதோ காரணத்தால் மடிப்புக் குலைந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நீண்ட நுண்ணிழைகளாகின்றன. 1959-இல் கோஹனும் கால்கின்ஸும் மின்னணு நுண்ணோக்கியில் கண்டது கிளை விடாத இந்த இழைகளைத்தான். தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். 1968-இல் ஈன்ஸும் கிளென்னரும் எக்ஸ் கதிரால் உள்ளமைப்பைப் பார்த்தார்கள். புரதச் சங்கிலிகள் இழையின் நீளத்துக்குக் குறுக்கே, ஏணிப் படிகளைப்போல அடுக்கியிருக்கின்றன. படிக்கும் படிக்கும் இடைவெளி சுமார் 4.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒன்று). இப்படிச் சங்கிலிகள் அடுக்கி அமைந்த தாள்களுக்குப் பீட்டா தாள்கள் என்று பெயர்; அவை ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கும் இடைவெளி சுமார் 10 ஆங்ஸ்ட்ராம். எந்தப் புரதத்திலிருந்து உருவான அமைலாய்டாக இருந்தாலும் இந்த இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட இவையேதான். இந்தப் படிகளில் சங்கிலி எடுக்கும் கோணங்களை ஜி. என். ராமச்சந்திரனும் குழுவினரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட வரைபடத்தில் தேடினால், இடது மேல் மூலையில் பீட்டா பகுதியில் இருக்கும்.

இழை எப்படித் தொடங்குகிறது என்பதற்குப் பலரும் உறைமோர் உவமை சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் பொருந்தாது. தயிரில் வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிர். சரியான உவமை கற்கண்டு. பாகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் முதல் மணி உருவாகத் தாமதமாகும். நூலில் ஒரு மணி பிடித்துவிட்டால் அதன்மேல் மளமளவென்று ஏறும். புரதக் கரைசலும் அப்படித்தான்: நெடுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், பிறகு திடீரென்று ஏறும், பிறகு சமநிலைக்கு வரும். ஏற்கெனவே உருவான இழையை உடைத்துச் சிறிது சேர்த்தால் தாமதம் காணாமல் போகும். அந்தத் துண்டுக்கு 'வித்து' என்று பெயர்.

ஆய்வகத்தில் பாதித் தலைவலி இந்த வித்தால்தான். அல்சைமர் நோயோடு தொடர்புடைய பீட்டா அமைலாய்டு என்ற புரதத் துண்டின் 42 அமினோ அமில வடிவை வாங்கி நேரே தாங்கல் கரைசலில் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) கலக்கினால், புட்டியிலேயே உருவாகியிருந்த திரள்கள் வித்தாகி, இழை வளர்வதைக் காட்டும் நேற்றைய வளைகோடு ஒரு மாதிரியும் இன்றைய வளைகோடு வேறு மாதிரியும் வரும். ஆகவே முதலில் 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்துத் திரள்களை அவிழ்க்க வேண்டும். பிறகு அளவுவாரியாகப் பிரிக்கும் குழாய்நிரலில் செலுத்தி ஒற்றை மூலக்கூறு வெளிவரும் பகுதியை மட்டும் பிடித்து, உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். பிடித்ததைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் வேலை வீண். புரதம் ஒட்டாத குழாய், ஒட்டாத 96 குழித் தட்டு; குழியில் காற்றுக் குமிழி கூடாது, ஏனென்றால் நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பிலேயே திரள் தொடங்கும். தயோஃபிளேவின்-டி சாயம் 10 முதல் 20 மைக்ரோமோலார் போதும். 440 நானோமீட்டர் ஒளியை அடித்து 480 அருகே படிக்க வேண்டும். இழை உருவானால் அங்கே ஒளிர்வு ஏறும். 37 டிகிரியில், 5 மைக்ரோமோலார் செறிவில், தட்டை அசைக்காமல் விட்டாலே சில மணி நேரத்துக்குள் வளைகோடு முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சோதிக்கும் மருந்து நிறமுள்ளதாக இருந்தால் அது ஒளிர்வை விழுங்கிவிடும். இழை குறைந்ததா, வெளிச்சம் குறைந்ததா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. மின்னணு நுண்ணோக்கியில் பார்க்காமல் 'மருந்து தடுத்தது' என்று எழுதிவிடக் கூடாது.

நோயாளியின் திசுவில் கண்டறிவதற்குக் காங்கோ சிவப்பு. பருத்திக்காகச் செய்த சாயம் அது. பெர்லினில் ஆப்பிரிக்காவைக் கூறுபோட்ட 1884–85 காங்கோ மாநாடு ஊரெல்லாம் பேசப்பட்டபோது விற்பனைக்கு வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டாத பெயர்கள் இந்தத் துறைக்குப் பழக்கம்தான். 1922-இல் பென்ஹோல்டு இது அமைலாய்டில் பிடிப்பதைக் கண்டார். முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளி) பச்சையாக மின்னுவது 1927-இல் தெரிந்தது. இன்றும் பரவலாக இருப்பது புக்ட்லர் முறை: 80 சதவீத ஆல்கஹாலில் உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த கரைசல் ஒன்று, அதே கரைசலில் 0.2 சதவீதம் காங்கோ சிவப்பு இன்னொன்று. பயன்படுத்தும் நேரத்தில் 100 மில்லிக்கு 1 மில்லி வீதம் 1 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து வடிகட்டி, கால் மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முதல் கரைசலில் 20 நிமிடம், சாயத்தில் 20 நிமிடம், பிறகு தூய ஆல்கஹாலில் சட்டென்று முக்கி எடுத்தல்.

இதில் அதிகம் சறுக்குவது வெட்டின் தடிமன். வழக்கமான திசு வெட்டு 3, 4 மைக்ரான். அதில் பச்சை மங்கித் தெரியாமலே போகலாம். இதற்கு 8 முதல் 10 மைக்ரான் வேண்டும். அதைவிடத் தடித்தால் மஞ்சள், சிவப்பு என்று பொய்நிறம் காட்டும். கொலாஜன் நாரும் முனைவாக்கிய ஒளியில் மின்னும், ஆனால் வெள்ளையாக; அதைப் பச்சை என்று படித்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. அறை வெளிச்சத்தைக் குறைத்து, நுண்ணோக்கியின் மேடையைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உறுதிப்பட்ட அமைலாய்டு உள்ள ஒரு கண்ணாடித்துண்டை ஒவ்வொரு முறையும் கூடவே சாயமேற்ற வேண்டும். அது மின்னாத நாளில் நோயாளியின் முடிவையும் நம்பக் கூடாது.

பச்சை மின்னிவிட்டால் அமைலாய்டு. எந்தப் புரதம் என்பது வேறு கேள்வி. மனிதருக்கு நோய் தருபவையாகப் பட்டியலிட்ட புரதங்கள் இன்று 40-ஐத் தாண்டிவிட்டன. பெயரிடும் முறை எளிது: அமைலாய்டின் 'ஏ', அதையடுத்து புரதத்தின் சுருக்கம். நோயை எதிர்க்க உடல் சுரக்கும் எதிர்ப்புரதத்தின் (ஆன்டிபாடி) இலேசான சங்கிலி என்றால் ஏஎல். நாட்பட்ட அழற்சியில் கல்லீரல் சுரக்கும் புரதம் என்றால் ஏஏ. காசநோய் முற்றி நெடுநாள் நீடித்தவர்களின் சிறுநீரகத்தில் படிவது இதுதான். டிரான்ஸ்தைரெட்டின் என்றால் ஏடிடிஆர். தைராக்சினையும் ரெட்டினாலையும் சுமந்து செல்வதால் அந்தப் புரதத்துக்கு அந்தப் பெயர், இது ஒன்றாவது பொருளோடு வைத்த பெயர். நான்கு அலகுகள் கூடிய இப்புரதம் அவிழ்ந்து தனி அலகாகும்போதுதான் இழையாகிறது; அவிழாமல் பிடித்துவைப்பதே 2019-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கு ஒப்புதல் பெற்ற டஃபாமிடிஸ் மருந்தின் வேலை. ஏஎல் வகைக்கோ அந்த இலேசான சங்கிலிகளைச் சுரக்கும் எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களை அழிக்கும் வேதிச் சிகிச்சை வேண்டும். வகை பிரிக்காமல் 'அமைலாய்டு' என்று மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துச் சிகிச்சை தொடங்கினால், தேவையே இல்லாத வேதிச் சிகிச்சை ஒருவர் உடம்பில் ஏறும்.

தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளை அப்படியே கொண்டால் 'மாப்போலி' என்று வரும். முன்மாதிரி உண்டு: உலோகத்தைப் போன்ற தனிமங்களை உலோகப்போலி என்று பாடநூல்கள் சொல்கின்றன. இலக்கணத்தில் 'நிலம்' 'நிலன்' ஆவதைக் கடைப்போலி என்கிறோம். போலி என்றால் போல வருவது. இன்றைய பேச்சில் போலி என்றால் கள்ளச்சரக்கு. 'மாவைப் போன்றது' என்ற விர்ஷோவின் பிழையும், 'மாவு என்று ஏமாற்றியது' என்ற பிற்கால உண்மையும் ஒரே சொல்லில் அடங்குவது தமிழுக்கு வாய்த்த தற்செயல்.

இருந்தும் மருத்துவமனையில் இச்சொல் ஆகாது. 'உங்கள் இதயத்தில் மாப்போலி படிந்திருக்கிறது' என்று சொன்னால், அடுத்த கேள்வி 'அப்போ இட்லி, சோறு குறைக்கணுமா டாக்டர்?' என்பதுதான். நோய்க்கும் மாவுச்சத்துக்கும் தொடர்பே இல்லாதபோது பெயரே அந்தத் தொடர்பை உண்டாக்கிவிடும். 'நார்ப்படிவு' என்றும் சிலர் சொல்லத் துணியலாம், அதுவும் வேண்டாம். நார் என்ற சொல்லைத் தழும்பேறி நார்த்திசு பெருகும் நோய்க்கும், கீரையின் நார்ச்சத்துக்கும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கொலாஜன், கெரட்டின் போன்றவை நார்ப்புரதங்கள். அவை நல்ல உடம்பின் கூறுகள்.

எஞ்சுவது 'புரத இழைப்படிவு'. என்ன பொருள், என்ன வடிவம், என்ன செய்கிறது என்ற மூன்றையும் சொல்கிறது. நோயை இழைப்படிவு நோய் என்றும், தனி இழையை நுண்ணிழை என்றும், மூளையில் காணும் திரட்சியைப் புரதத் திட்டு என்றும் வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று முட்டாது. கட்டுரையில் முதல் முறை 'அமைலாய்டு எனப்படும் புரத இழைப்படிவு' என்று சேர்த்து எழுதிவிட்டால் போதும். ஆய்வக அறிக்கையில் பன்னாட்டு வகைப்பெயரோடு அமைலாய்டு என்றே இருக்கட்டும்.

மாப்போலியையும் வீணாக்க வேண்டியதில்லை. விர்ஷோ 1854-இல் மூளையில் பார்த்தாரே, அந்தச் சிறு உருண்டைகள், அவை இன்றைய கணக்கில் அமைலாய்டே அல்ல. வயதான மூளையில் சேரும் அவற்றில் பெரும்பகுதி குளுக்கோஸ் சங்கிலிகள். மாவுக்கு நெருங்கிய உறவு. அவர் அயோடின் விட்ட முதல் பொருளுக்கு அந்தப் பெயர் இன்றும் பொருந்தும்.