ஏழு மாதத்துச் சோத்துக்கைக்காரன்

சளிக்காகத்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். மூக்கு ஒழுகல், லேசான இருமல், காய்ச்சல் இல்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு மூக்குச் சொட்டு எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வெளியே வராந்தாவில் இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "ராத்திரி தூங்குறானா?" என்று கேட்டேன். பதில் சொல்வதற்காக அந்தத் தாய் கூடைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்கள், துணிக் கிளிப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் இரண்டு மூன்று வரி.

கணவர் மங்களூர்ப் பக்கம் தங்குகடல் படகில் இருக்கிறார். கடலுக்குள் போனால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு டவர் கிடையாது. கரைக்கு வந்ததும் போன் போட்டு, "பிள்ளை என்ன செய்யுறான்?" என்று முதலில் கேட்பாராம். "அவுக கேப்பாக, எனக்கு அந்நேரம் ஒண்ணும் வாயில வராது டாக்டரம்மா. அதான் அன்னன்னைக்கு எழுதி வச்சுக்கிறது" என்றார். அந்தத் தாய் கடலில் பாசிக்குப் போகிறவர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றும் நாட்களில் தீவுப் பக்கம் போய் முங்கி, மரிக்கொழுந்துப் பாசி எடுப்பார். தாளைப் பிடித்த விரல்களில் துணி சுற்றிய தடம் இருந்தது. அந்த நாட்களில் பிள்ளை அப்பத்தாவிடம்.

தூக்கம் பற்றிய தாளை அவர் தேடிக்கொண்டிருக்கையில் மற்றதை நான் வாசித்தேன். மார்ச் மாதம் முழுக்க இருந்தது.

"தண்ணி கலக்கம். பாசிக்குப் போகல. கிழங்கு மசிச்சுக் கொடுத்தேன், துப்பிட்டான்."

"பெரியவளுக்குப் பல்லு விழுந்திருச்சு. கூரையில எறிஞ்சோம்."

"அமாவாசை. அத்தை வச்சிருந்தாக. கிலுக்கட்டையை எட்டி வாங்கினானாம். சோத்துக்கை."

"கேஸ் தீந்துபோச்சு. அத்தைக்கு முழங்கால் வலி."

"அத்தை மூக்குத்தியைப் பிடிச்சு இழுத்துட்டான். சோத்துக்கை."

"பிஸ்கட்டை நொட்டாங்கைப் பக்கம் நீட்டினாலும் சோத்துக்கைதான் சுத்தி வருது. எங்க பிள்ளை சமத்து."

கடைசி வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். பிறகு பிள்ளையை மேசையில் உட்கார வைத்துச் சாவிக்கொத்தை அவனுடைய இடது தோள் பக்கம் ஆட்டினேன். எழுதியிருந்தபடியே நடந்தது. வலது கை மார்பைக் கடந்து, உடம்பே திரும்பி, சாவியைப் பிடித்தது. இடது கை மடியில் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் மூடியிருந்தன. இடது காலை மடக்கி நீட்டும்போது வலதில் இல்லாத ஓர் இறுக்கம் தெரிந்தது.

ஏழு மாதக் குழந்தைக்குச் சோத்துக்கை, நொட்டாங்கை என்ற பேதம் இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்துக் கைதான் வர வேண்டும். ஒரு கையை விரும்பும் பழக்கம் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் மெல்ல வரும், பல பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வயதுகூட ஆகும். ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரே கையை நீட்டினால் அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று பொருளில்லை. மற்றக் கைக்கு ஏதோ முடியவில்லை. மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காரணம் தெரிந்தது. வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கும் நேரத்திலோ மூளையின் வலது பாதியில் ஓரிடத்துக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. பெரியவர்களுக்கு வருகிறதே பக்கவாதம், அதேதான். பிறந்த குழந்தைக்கும் அது வரும் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. கைகளை நீட்டிப் பிடிக்கும் வயது வரும் வரை வெளியில் ஒன்றும் தெரியாமலே இருந்துவிடும். இதே பிள்ளையைப் பதினான்காவது வாரத் தடுப்பூசி சமயத்தில் நானே பார்த்திருக்கிறேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த இடத்தில் பெற்றோர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அரசு அட்டவணைப்படி 6, 10, 14ஆவது வாரங்களில் ஊசி. அதற்கடுத்து 9 மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசி. நடுவில் கிட்டத்தட்ட ஆறு மாதம், ஊசிக்கென்று ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டிய தேவையே இல்லை. குப்புற விழுவது, எட்டிப் பிடிப்பது, உட்காருவது, பெயர் சொன்னால் திரும்புவது எல்லாம் அந்த ஆறு மாதத்தில்தான் நடக்கின்றன. அந்த நாட்களில் பிள்ளையை அன்றாடம் பார்க்கிறவர்கள் அம்மாவும் அப்பத்தாவும் அக்காவும்தான். டாக்டரிடம் வந்து உட்காரும் பத்து நிமிடத்தில் பிள்ளை அழும், அல்லது தூங்கும். எங்களுக்குத் தெரிவது கொஞ்சம்தான்.

நம் ஆட்களுக்கு இப்படிப் பார்க்கத் தெரியாமலும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் பருவங்களை மாதக் கணக்கில் பிரித்து வைத்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையும் சேர்த்துக் கொட்டுவது. பதினைந்தாம் மாதம் அம்புலி: நிலாவைக் காட்டிக் கூப்பிடுவது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். செங்கீரைக்குக் கழுத்தும் இரண்டு தோளும் வேண்டும். சப்பாணிக்கு இரண்டு உள்ளங்கையும் விரிந்து நெஞ்சுக்கு நேரே வந்து சேர வேண்டும், மூடிய கையோடு கொட்ட முடியாது. நிலாவைக் காட்டினால் பிள்ளை நம் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும், பிறகு தானே காட்டி நம் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாத பிள்ளையைக் கண்டால் ஆட்டிசத்துக்கான பரிசோதனையைத் தள்ளிப் போடாமல் செய்கிறோம். மொட்டை மாடியில் நிலாச் சோறு ஊட்டும் வீட்டில் இந்தப் பரிசோதனை தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு மாதிரி. வாப்பா துபாயிலோ சவுதியிலோ இருப்பார், பிள்ளை அவரைப் போனில்தான் பார்க்கும். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு வீடியோ காலையும் நிறுத்திவிட்ட தாய்மார்கள் உண்டு. அதை நிறுத்த வேண்டியதில்லை. வாப்பா பேச, பிள்ளை பதிலுக்கு 'ங்கா' என்று சொல்ல, அவர் சிரிக்க, அது உறவு. தானாக ஓடும் பாட்டு வீடியோவை முன்னால் வைத்துவிட்டுச் சோறு ஊட்டுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

ஆனால் வீடியோ காலில் ஒன்று ஏமாற்றும். "வாப்பா கூப்பிட்டா நல்லாச் சிரிக்கிறா" என்று ஓர் உம்மா சொன்னார். பதினோரு மாதப் பெண் குழந்தை. முதுகுப் பக்கம் நின்று ஒரு பாத்திரத்தைத் தட்டச் சொன்னேன், குழந்தை திரும்பவே இல்லை. அது முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, குரலைக் கேட்டு அல்ல. நெருங்கிய சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வர வாய்ப்பு அதிகம், நம் கரையில் அப்படிக் கட்டாத தெரு குறைவு. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் முறை. தவறவிட்டவர்கள் தெரிந்த அன்றே வர வேண்டும். தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஆறு வயதுக்குள், உள்காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்துகிறார்கள். இரண்டு வயதுக்குள் பொருத்திய பிள்ளையும் ஐந்து வயதில் பொருத்திய பிள்ளையும் ஒரே மாதிரிப் பேசிவிடுவதில்லை.

அந்தக் காகிதக் கட்டைப் பார்த்த நாளிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்கிறேன்: ஒரு மாதம் எழுதுங்கள். தனி நோட்டு வேண்டாம், கட்டம் போட்ட அட்டவணை வேண்டாம். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். கேஸ் தீர்ந்ததையும் பல் விழுந்ததையும் சேர்த்தே எழுதுங்கள், அப்போதுதான் தினமும் எழுதத் தோன்றும். "நல்லா இருக்கான்" என்று எழுத வேண்டாம், எதை எந்தக் கையால் எடுத்தான், எந்தச் சத்தத்துக்குத் திரும்பினான் என்று எழுதுங்கள். எழுத வராத அப்பத்தா சொன்னால் பள்ளிக்கூடம் போகிற அக்கா எழுதலாம்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்தது, ஆறு மாதத்தில் நான்கு மாதப் பிள்ளை செய்வதைத்தான் செய்யும். இது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மற்றபடி மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதத்தில் கழுத்து நிற்காதது, ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காராதது, ஒன்றரை வயதில் நடக்காதது, இவையெல்லாம் காட்ட வேண்டியவை. எல்லாவற்றையும்விட அவசரமானது வேறொன்று. போன மாதம் "அத்தா" என்று சொன்ன பிள்ளை இந்த மாதம் சொல்லவில்லை, உட்கார்ந்த பிள்ளை சாய்கிறது என்றால் மறுநாளே வாருங்கள். வந்த திறமை போவது எந்த வயதிலும் சாதாரணம் கிடையாது. எழுதி வைத்திருந்தால்தான் அது போனது தெரியும்.

"ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்", "இவுக அப்பாவும் ரெண்டு வயசுலதான் நடந்தாக" என்று பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். அவர்களோடு சண்டை போட வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நானும் அப்பத்தாக்களையே கூட வரச் சொல்கிறேன், அவர்கள் கவனித்த அளவு வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களின் பிறவிக் குறைபாட்டையும் வளர்ச்சித் தாமதத்தையும் பார்ப்பதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் ஊர் சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104க்குக் கூப்பிடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு எட்டாம் மாதத்தில் பயிற்சி தொடங்கியது. தினமும் அரை மணி நேரம், வலது கைக்கு மெல்லிய காலுறையை மாட்டிவிட்டு இடது கையால் விளையாட வைப்பது. சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்த பிறகுதான் இதை வீட்டில் செய்ய வேண்டும், நீங்களாகக் கையைக் கட்டிவிடாதீர்கள். முதல் வாரம் அழுதான். அக்காதான் வழி கண்டுபிடித்தாள், பிசுபிசுக்கும் பழைய சோற்றில் அவன் இடது கையை முக்கிவிட்டாள். அந்தக் கை முதன்முதலாகத் தானே விரிந்தது அன்றுதான் என்று தாளில் இருந்தது.

இப்போது அவனுக்கு ஒன்றே முக்கால் வயது. நடக்கிறான். இடது குதிகால் முழுதாகத் தரையில் படாததால் காலுக்குப் பட்டை போட்டிருக்கிறோம். தட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்துச் சாப்பிடுகிறான். இடது கை வலது கை மாதிரி ஆகிவிடாது, அதையும் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன முறை வந்தபோது அந்தத் தாய் கேட்டார், "பாசிக்குப் போகாம வீட்டுல இருந்திருந்தா முந்தியே தெரிஞ்சிருக்குமோ?" இந்தக் கேள்வியை ஒரு வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். "இல்லம்மா. இதே குறை உள்ள பிள்ளைகள் என்கிட்ட வந்ததெல்லாம் பெரும்பாலும் நடக்க ஆரம்பிச்சு, கால் இழுக்குறதைப் பார்த்த பிறகுதான். உங்க பிள்ளை ஏழு மாசத்துல வந்தான், நீங்க எழுதினதால" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதிய கட்டை என்னிடம் கொடுத்தார். பாதித் தாள்களில் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது. கணவர் ஊருக்கு வந்து இருபது நாளாகிறதாம்.

அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்டார்.

"பௌர்ணமிப் பாசி முடியட்டும், வாங்க" என்றேன்.