செம்பனை மில் குளத்தை ஏன் மூடுகிறார்கள்?

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் செம்பனை மில்லின் கழிவுநீர்க் குளத்தைக் கறுப்புத் தார்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. அதிலிருந்து கரண்டு எடுத்து நாட்டையே கார்பன் இல்லாததாக ஆக்கப் போகிறார்களாம். நடக்கிற காரியமா?"

நடக்கிற காரியம்தான். ஆனால் அதன் பெரிய பலன் கரண்டில் இல்லை.

மலேசியாவின் திட்டம் பலருக்கும் தெரிந்ததே. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்டம், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்கிறது. அதில் பெரும்பகுதி சூரியசக்தி. மஞ்சோங், தஞ்சோங் பின் போன்ற நிலக்கரி நிலையங்கள் படிப்படியாக விடைபெற வேண்டும். ஏழேகால் மணிக்குப் பொழுது சாய்ந்த பிறகும் ஏர்கோன் ஓடும். அந்த நேரத்துக்கு நீர்மின் நிலையமும் பேட்டரியும் வேண்டும், இரவில் ஓடும் வேறு எதுவும் வேண்டும். மூடிய குளத்தில் சேரும் எரிவாயுவான பயோகேஸ் இங்கேதான் வருகிறது.

ஒரு டன் செம்பனைக் குலையை நீராவியில் அவித்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்தெடுத்த பின் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் மிஞ்சும். பழுப்பு நிறம், 80 டிகிரிக்குக் குறையாத சூடு, புளிப்பு. அதில் ஒரு லிட்டரில் இருக்கும் கழிவை முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ 50 கிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராம் அளவுதான். அப்படியே ஆற்றில் விட்டால் மீன் பிழைக்காது. அதனால்தான் ஆழமான குளங்களில் வாரக்கணக்கில் தேக்கி வைக்கிறார்கள். அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே நான்கு கூட்டத்து நுண்ணுயிர்கள் வரிசையாக வேலை செய்கின்றன.

முதல் கூட்டம் கொழுப்பையும் மாவுச்சத்தையும் துண்டாக்குகிறது. இரண்டாவது அவற்றை அமிலங்களாக்குகிறது. நான்காவது மீத்தேன் தருகிறது. இவை பள்ளிப் பாடம். வியக்க வைப்பது மூன்றாவது.

புரோப்பியானிக் அமிலத்தை அசிட்டிக் அமிலமாக உடைப்பது இந்த மூன்றாம் கூட்டத்தின் வேலை. வெப்ப இயக்கவியல் கணக்குப்படி அதில் அதற்கு நட்டம்தான். வேதியியலார் ஒப்பிடுவதற்கென்று வகுத்த நிலையான சூழலில் ஒரு மோலுக்கு (வேதியியலில் பொருளை எண்ணும் அலகு) 76 கிலோஜூல் ஆற்றலை வெளியிலிருந்து கொடுத்தால்தான் வினை நகரும். எந்த உயிரும் இப்படிக் கையிலிருந்து போட்டுப் பிழைக்க முடியாது. ஆனால் வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் பிறந்த கணமே அகற்றப்பட்டு, அதன் பகுதி அழுத்தம் (வாயுக் கலவையில் அது மட்டும் தரும் அழுத்தம்) வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. நட்டம் போய்ச் சிறு லாபம் வருகிறது. ஹைட்ரஜனை அகற்றுவது யார்? ஒட்டி உட்கார்ந்திருக்கும் மீத்தேன் உயிரிதான். அதற்கு ஹைட்ரஜன் உணவு. ஒன்றின் கழிவை மற்றது தின்பதால்தான் இரண்டும் வாழ்கின்றன.

இது தெரியவந்த விதமும் அழகானது. மெத்தனோபேசிலஸ் ஓமெலியான்ஸ்கி என்ற பெயரில் ஒற்றை உயிரியென்று நம்பி ஆய்வுக்கூடங்களில் வளர்த்து வந்ததை, 1967-இல் நுண்ணுயிரியலாளர் பிரையன்ட் குழுவினர் பிரித்துக் காட்டினார்கள். உள்ளே இரண்டு உயிரிகள் இருந்தன. ஒன்று எத்தனாலைத் தின்று ஹைட்ரஜனை விட்டது. மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனை விட்டது. முதலாவதைத் தனியே விட்டால் கொஞ்சம் வளர்ந்து, தான் விட்ட ஹைட்ரஜனிலேயே முடங்கிவிடும். பத்து ஆண்டு கழித்து, 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மீத்தேன் உயிரிகள் பாக்டீரியாவே அல்ல, தனிக் குலம் என்று நிறுவினார்கள். இன்று அவற்றை ஆர்க்கியா என்கிறோம். உடனடிப் பயன் என்னவென்று கேட்டு இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணத்தை நிறுத்துகிறவர்கள், ஒரு தடவை மூடிய குளத்தருகே வந்து நின்று பார்க்க வேண்டும்.

குளம் கெட்டுப்போவதும் இந்த இணைப்பு அறுவதால்தான். அமிலம் ஆக்குபவை மணிக்கணக்கில் பெருகும், மீத்தேன் உயிரிகளுக்கு நாள்கணக்காகும். குலை குவியும் மாதங்களில் கழிவுநீரை அளவுமீறி ஊட்டினால் ஹைட்ரஜன் தேங்கும், புரோப்பியானிக் அமிலம் ஏறும், பிஎச் 6.5-க்குக் கீழே இறங்கும், வாயு நிற்கும். பிஎச் மீட்டரை மட்டும் நம்பினால் சேதி தாமதமாகத்தான் வரும், ஏனென்றால் நீரின் காரத்தன்மை கடைசிவரை அமிலத்தைச் சமன்செய்து சமாளித்துக்கொண்டிருக்கும். புரோப்பியானிக் போன்ற ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். 0.3-க்குள் இருந்தால் நல்லது. 0.4-ஐத் தாண்டினால் ஊட்டத்தைக் குறைத்து, ஏற்கெனவே செரித்த நீரைத் திருப்பி விட்டுப் புதுக் கழிவோடு கலக்க வேண்டும். சுண்ணாம்பு கொட்டுவது அன்றைக்கு உதவும், ஆனால் அடியில் படிவாகி மண்டியைக் கூட்டும். சூடும் முக்கியம். 80 டிகிரியில் வரும் நீரை நேரே விட்டால் உயிரிகள் வெந்துவிடும். மித வெப்பத்தில் இயங்கும் குளத்துக்கு 35 முதல் 40 டிகிரி போதும்.

இனி கணக்கு. ஒரு கன மீட்டர் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் பயோகேஸ் தரும். அதில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் மீத்தேன். ஆக ஒரு டன் குலைக்கு ஏழரை கிலோ மீத்தேன். அதை இஞ்சினில் எரித்தால் ஏறத்தாழ 40 யூனிட் கரண்டு கிடைக்கும். அந்த 40 யூனிட்டை நிலக்கரியில் எடுத்திருந்தால் 36 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியாகியிருக்கும். அதே ஏழரை கிலோ மீத்தேன் திறந்த குளத்திலிருந்து காற்றில் கலந்தால்? நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும், ஆக 200 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். கரண்டால் வரும் நன்மையைவிட, வாயுவை வெளியே விடாமல் எரிப்பதால் வரும் நன்மை ஐந்து மடங்குக்கும் கூடுதல். எரிக்கும்போது வரும் கரியமில வாயுவோ செம்பனை மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான்.

நாடு முழுவதும் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் குலை மில்லுக்குப் போகிறது. எல்லாக் குளத்தையும் மூடினாலும் கரண்டில் 2 விழுக்காடு அளவுதான் தேறும். இந்த 2 விழுக்காட்டை வைத்துப் பயோகேஸை அற்பமென்று ஒதுக்குகிறவர்கள் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள். திட்டமிடுவோர் மெகாவாட்டோடு மீத்தேன் டன்னையும் தனியாக எண்ண வேண்டும்.

வாயுவைச் சுத்தம் செய்வது அடுத்த பாடு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 3,000 பங்குவரை இருக்கும். அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இஞ்சின் எண்ணெயையும் பேரிங்கையும் தின்னும். கந்தகம் தின்னும் பாக்டீரியா வளரும் கோபுரத்தின் வழியே செலுத்தி 200-க்குக் கீழே இறக்கி, குளிரவைத்து ஈரம் நீக்கிய பிறகே இஞ்சினுக்கு விடுவார்கள். மனிதருக்கும் அது எமன். 100 பங்கை எட்டினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் திடீரென்று நின்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது, உடனே விலகி ஓட வேண்டும். குளத்தடியில் இரவில் கொள்ளிவாய்ப் பிசாசு தெரிவதாகச் சொல்வதற்கு, வாயு தானாகப் பற்றுவதே காரணமென்று சிலர் விளக்குவார்கள். மீத்தேன் 500 டிகிரிக்கும் மேல் சூடாகாமல் தானாகப் பற்றாது. ஆனால் சிகரெட் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள், தீப்பொறி ஒன்றே போதும்.

2014 ஜனவரியிலிருந்து புதிய மில்களும் உற்பத்தியைக் கூட்டும் மில்களும் பயோகேஸ் அமைப்பு வைத்தாக வேண்டும் என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விதி. பழைய மில்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 60 டன் அரைக்கும் மில் தரக்கூடியது ஒன்றரை மெகாவாட் அளவு. தன் தேவையை மில் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்தே முடித்துக்கொள்கிறது. மிச்சத்தை விற்க 11 கிலோவோல்ட் கம்பி வேண்டும், அது பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கம்பிச் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். அதற்காகக் குளத்தைத் திறந்தே வைத்திருப்பதில் நியாயமில்லை. மூடியையும், வாயுவை எரிக்கும் ஃபிளேர் குழாயையும் முதலில் போட்டுவிடலாம். குளம் சீராக வாயு தருகிறது என்று ஒரு பருவம் அளந்து பார்த்துவிட்டு இஞ்சின் வாங்கலாம். கம்பி வராவிட்டால் வாயுவை மில்லின் பாய்லரிலேயே எரித்து, மிச்சமாகும் கொட்டை ஓட்டை விற்கலாம்.