கருவாட்டுக்கும் காப்புரிமைக்கும் இடையில்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிப் பக்கம் போனால் கரையோர வாடிகளில், அதாவது மீனவர் கொட்டில்களில், கருவாடு காய்வதைப் பார்க்கலாம். கோடையில் பிரச்சினை இல்லை. ஐப்பசி மழை தொடங்கினால்தான் பெரும்பாடு. தறப்பாளை மூடுவதும் திறப்பதுமாக இருக்கும்போதே மீனின் வயிற்றுப் பக்கம் பிசுபிசுத்து, ஈ மொய்த்து, புழு வைத்துவிடும்.

அதே பக்கத்தில் கோணேசபுரியில்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் இருக்கிறது. மழையிலும் வேலை செய்யும் ஓர் உலர்த்தியை அங்கே ஒரு மாணவி செய்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். சரி, அது யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவையே இந்தக் கேள்வி நெடுங்காலம் அலைக்கழித்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமை பெரும்பாலும் அரசிடமே தங்கியது. 1980 அளவில் ஏறக்குறைய 28,000 காப்புரிமைகள், அதாவது ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமைகள், அரசின் கையில். தொழிலுக்குப் போனவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தனியுரிமை கிடைக்காத ஒன்றில் எந்த நிறுவனம் முதல் போடும்? பொதுக் கிணற்றை யார் தன் காசில் தூர்வாருவார்? அந்த வருடம் வந்த பே-டோல் சட்டம் உரிமையைப் பல்கலைக்கழகத்திடம் விட்டு, வருமானத்தில் கண்டுபிடித்தவருக்கும் பங்கு கொடுக்கச் சொன்னது. பல நாடுகள் அதைப் பார்த்துத் தம் சட்டத்தை எழுதின.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு வேலை கொடுத்தவருக்கே. விரிவுரையாளருக்கு அது பொருந்தும். மாணவி சம்பளக்காரி இல்லையே! பல்கலைக்கழகம் தன் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

அடுத்த ஆபத்து வாய். காப்புரிமைக்குப் புதுமை வேண்டும். ஆய்வரங்கில் படம் போட்டு விளக்கிய மறுகணமே அது ஊரறிந்த விஷயம். அதன் பிறகும் விண்ணப்பிக்க இலங்கைச் சட்டம் ஒரு வருட அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடைக்காது. முதலில் விண்ணப்பம், அப்புறம் பேச்சு. கட்டுரை எண்ணிக்கையில் பதவி உயர்வு பார்க்கும் இடத்தில் இது எளிதல்ல என்பது வேறு கதை.

வளாகத்தில் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். அங்கே புதுமை இன்னும் சிக்கல். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது! இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைக் காட்டி வாதாட, 1997இல் அது ரத்தானது.

இனிப் பணம். மரபணுவை வெட்டி ஒட்டும் முறைக்காக கோஹன், போயர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளின் பெயரில் வந்த காப்புரிமைகள் ஏறக்குறைய 25 கோடி டொலர் ஈட்டின. அந்தக் கதையைச் சொல்லியே எல்லாரும் ஆசை காட்டுவார்கள். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளை நிறுவனங்களுக்குக் கைமாற்றும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகங்கள் பல, அமெரிக்காவிலேயே தம் செலவைக்கூடத் தேற்றுவதில்லை. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதம். அதனால் நம் அரச பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டிருக்கும் வணிகத் தொடர்புப் பிரிவுகளை வந்த வருமானத்தை வைத்து எடைபோடுவது அநியாயம். அவர்களுடைய முதல் வேலை, மாணவியை வாடிக்குக் கூட்டிப்போவது.

அங்கே வாடியை நடத்தும் சம்மாட்டி காப்புரிமையைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. "ஒரு தரத்துக்கு எத்தனை கிலோ பிடிக்கும் பிள்ளை? உப்புக்காத்துக்கு இந்தத் தகரம் தாங்குமா? பழுதானா ஆரு வந்து பார்ப்பாங்க?" என்பார். ஆய்வுக்கூடத்தில் அவள் காயவைத்தது இரண்டு கிலோ நெத்தலி. நூறு கிலோ பிடிக்கும் ஒன்றை ஒட்டுவேலைக் கடையில் செய்து, ஒரு மழைக்காலம் முழுக்க வாடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி மானியம் அதற்குள் முடிந்திருக்கும்; வங்கியோ விற்பனைக் கணக்கைக் கேட்கும்.