பாஸ்டிங் நார்மல்தான், ஆனால் புண் ஆறவில்லை

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். பெரியவருக்கு 72 வயது. கால் பெருவிரலுக்கு அடியில் மூன்று வாரமாக ஆறாத புண். "சுகர் உண்டா ஐயா?" என்று கேட்டதும் மகள் தடித்த ஃபைல் ஒன்றை நீட்டினார். ஆறு வருட ரிப்போர்ட்டுகள். எல்லாம் வெறும் வயிற்றுச் சர்க்கரை (பாஸ்டிங்) மட்டும்: 104, 98, 110. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க, அதிரும் இசைக்கவையைத் தட்டி விரலில் வைத்தேன், அவருக்கு அதிர்வே தெரியவில்லை. அன்றைக்கே எடுத்ததில் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 256, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.6.

"பாஸ்டிங் நார்மல், அதனால் சுகர் இல்லை." இதை எத்தனை முறைதான் மறுப்பது! இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்தபின் எடுக்கும் ரத்தம் அது. உடம்புக்கு வேலையே இல்லாத நேரம். வயதானவர்களுக்குச் சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரப்பது மந்தமாகிறது, சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் தசையும் குறைகிறது. அதனால் பலருக்கு முதலில் ஏறுவது சாப்பாட்டுக்குப் பின் வரும் அளவுதான். காலை அளவு வருடக்கணக்கில் நல்லபிள்ளையாகவே இருக்கும். மூன்று வேளை சாப்பிடுகிறவர் பகலில் பெரும்பகுதி எந்த நிலையில் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தை யாருமே அளக்கவில்லை!

இன்னொன்று, டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து பத்தியம். இவரும் அதைத்தான் செய்திருக்கிறார். தயவுசெய்து அந்த நாட்களிலும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். இது பரீட்சை இல்லை.

சர்க்கரை நோய் என்று சொல்வதற்கான எல்லைகள் இவை: வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, எச்பிஏ1சி 6.5. இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, இரண்டு நாள் பத்தியத்துக்கு மசியாது. ஆனால் ரத்தசோகை இருந்தால் நான் அதை அப்படியே நம்ப மாட்டேன். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகக் காட்டும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் தப்பாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களை, எச்பிஏ1சியை 6-க்குக் கொண்டுவரப் பாடாய்ப் படுத்தாதீர்கள். திடமாக இருப்பவருக்கு 7, 7.5 போதும். தளர்ந்தவருக்கு 8 வரைகூட விடலாம். சிறுநீரகம் தளர்ந்தால் சில மாத்திரைகள் உடம்பிலேயே தங்கி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். பெரியவர் தடுமாறுவார், உளறுவார், விழுவார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள். உடனே சர்க்கரையைப் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் இனிப்பான எதையாவது கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டும் வருடம் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

அப்புறம், இன்று ராத்திரி அப்பாவையோ அம்மாவையோ உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. அவர்களால் குனிந்து பார்க்க முடியாது. உணர்ச்சி போன காலில் வலியும் தெரியாது.