பெர்மிட் காணியில் வீடு: மட்டக்களப்பைச் சுற்றி மலிவாக வாங்கப் போகிறவர்களுக்கு

குவைத்தில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்த ஓர் அக்கா, சேர்த்த காசையெல்லாம் போட்டு மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியே பத்துப் பேர்ச் காணியும் கூரை போடாத வீடும் வாங்கினார். கூரையும் போட்டார், கிணறும் கட்டினார். மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்க நொத்தாரிசிடம் போன அன்றுதான், தன்னிடம் உறுதியே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. பையில் இருந்தவை மூன்று கடதாசிகள்: சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி ஒன்று, விற்றவரின் பெயரில் அரசு கொடுத்திருந்த காணி அனுமதிப்பத்திரத்தின் (பெர்மிட்டின்) போட்டோப் பிரதி, தன் பெயருக்கு மாற்றிய கரண்ட் பில். விற்றவர் இறந்து இரண்டு வருடம். அவருடைய மகன் இப்போது காணியைக் கேட்கிறார். சட்டம் அந்த மகனின் பக்கம்தான் நிற்கிறது.

நான் சட்டத்தரணி இல்லை. இப்படி வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன், சில நேரம் கந்தோருக்குக் கூடப் போவேன். இந்த அக்காவைப் போல ஒருவரை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். அவர்கள் யாரும் கவனமில்லாதவர்கள் அல்லர். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் கல்லடியிலும் காணி விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாது. அதனால் தன்னாமுனை, மயிலம்பாவெளி, செங்கலடி என்று வடக்கே போகிறார்கள். ஆரையம்பதிக்கு அப்பால் தெற்கே போகிறார்கள். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கமும், 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கமும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் தேடுகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் ஒரே வீதியில் பக்கத்துக் காணியைவிட ஒரு காணி பாதி விலைக்கு வந்தால், வீட்டைப் பார்க்குமுன் கடதாசியைப் பாருங்கள். பெரும்பாலும் அது விற்க முடியாத காணியாக இருக்கும்.

அரச காணியைக் குடியேறியவர்களுக்குக் கொடுப்பது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ். முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் அளிப்புப் பத்திரம். சட்டத்தின் வரலாறு இவ்வளவு போதும். வாங்குகிறவருக்கு முக்கியமானது ஒன்றுதான்: பெர்மிட்டாக இருந்தாலும் அளிப்பாக இருந்தாலும், பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் அந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. அதை மீறி எழுதிய உறுதி செல்லாது. அப்படியான உறுதியை எழுதக் கூடாதென்று நொத்தாரிசுக்கும் அதே சட்டம் தடை போட்டிருக்கிறது.

பெர்மிட்டுக்கு மயங்குகிறவர்கள் குறைவு. அளிப்புக்கு மயங்குகிறவர்கள்தான் அதிகம். சுவர்ணபூமி, ஜயபூமி என்று பெயர் போட்டு, அரச இலச்சினையும் ஜனாதிபதியின் கையொப்பமும் இருக்கும். தரகர் அதை விரித்துக் காட்டி, “அண்ணன், இது ஜனாதிபதியே தந்த உறுதி, இதைவிட என்ன வேணும்?” என்பார். அதன் உள்ளே 19(4) ஆம் பிரிவு என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் துண்டு போடுவதற்கும் நிபந்தனை உள்ள காணி. பத்திரம் உண்மையானதுதான், கையொப்பமும் உண்மையானதுதான். ஆனால் உங்களுக்கு விற்கும் சுதந்திரம் அதை வைத்திருப்பவருக்கு இல்லை.

“எல்லாருக்கும் முழு உரிமை உறுதி வரப் போகுது, இப்ப வாங்கிப் போடுங்க” என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 2024 இல் அரச காணிக்கு முழு உரிமை உறுதி கொடுக்கும் உறுமய திட்டம் வந்தபோது இந்தப் பேச்சு இன்னும் கூடியது. முழு உரிமை எப்போதாவது வந்தாலும் அது பதிவேட்டில் பெயர் இருக்கிறவருக்குத்தான் வரும். சத்தியக்கடதாசி வைத்திருக்கிற உங்களுக்கு வராது. விற்றவருக்கே முழு உரிமை கிடைத்து, அதே காணியை அவர் இன்னொருவருக்குச் சட்டப்படி எழுதிக் கொடுக்கவும் வழி திறந்துவிடும்.

குடும்பத்தில் ஒருவர் இறந்த பிறகு நடக்கிற விற்பனையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். உறுதிக் காணி, அதாவது தனியாருக்கு முழுச் சொந்தமான காணி, என்றால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று நமக்குப் பழக்கம். பெர்மிட், அளிப்புக் காணிகளில் அது செல்லாது. உரியவர் உயிரோடு இருக்கும்போது யாரைப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதிந்தாரோ அவருக்குத்தான் காணி போகும். நியமனம் இல்லையென்றால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். ஆறு பிள்ளைகளும் சபையாகக் கூடி ஒப்பமிட்ட கடதாசி சண்டையை வேண்டுமானால் தள்ளிப் போடும், உரித்தைத் தராது. கணவன் இறந்த பின் மனைவி அந்தக் காணியில் இருந்து அனுபவிக்கலாம். ஆனால் அப்படி வந்த உரிமையை வைத்து அவர் அதை விற்க முடியாது. விதவைத் தாய் கண்ணீரோடு, “மகளுக்குக் கலியாணம் மகன், அதுக்குத்தான் விக்கிறன்” என்று சொல்லும்போது யாருக்கும் கடதாசி கேட்க மனம் வராது. ஆனாலும் கேளுங்கள். அந்தத் தாயும் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, அவருக்கும் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

துண்டு போட்டு விற்பது இன்னொரு குழி. அரை ஏக்கராகக் கொடுத்த காணியை எட்டுத் துண்டாக்கி, தனியார் நில அளவையாளரிடம் அழகான பிளான் ஒன்றும் எடுத்துக் காட்டுவார்கள். நில அளவையாளர் எல்லையை அளந்து கீறுகிறவர். பிரிப்பதற்கு அனுமதி கொடுப்பது அவர் வேலை அல்ல. அளிப்பில் மிகக் குறைந்த துண்டின் அளவு குறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே பிரிக்க இயலாது. உறுதிக் காணியிலும் உள்ளூராட்சி மன்றம் அங்கீகரித்த உபபிரிவாக இருக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் செல்லுபடியாகும் இடங்களில் வீட்டுத் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, ஏறத்தாழ ஆறு பேர்ச்சுக்கு, குறையக் கூடாது. பாதைக்கென்று பிளானில் காட்டிய நிலத்தில் உண்மையிலேயே ஒரு லொறி போகிறதா என்று நடந்து பாருங்கள்.

உரித்துக்குச் சான்று என்று மக்கள் நம்புகிற, ஆனால் சான்றே அல்லாத கடதாசிகள் சில உண்டு. கரண்ட் பில், தண்ணீர் பில், சோலைவரிப் பற்றுச்சீட்டு, கிராம சேவகர் (ஜீ.எஸ்.) கொடுத்த வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு. இவையெல்லாம் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். பத்து வருடம் இருந்தால் சொந்தமாகிவிடும் என்பதும் அரச காணிக்குப் பொருந்தாது. ஆட்சியுரிமை அரசுக்கு எதிராக ஓடாது, முப்பது வருடம் இருந்தாலும் சரி. பிரகடன உறுதி என்று ஒன்று கொண்டு வருவார்கள். “இந்தக் காணி என்னுடையதுதான்” என்று ஒருவர் தானே சொல்லி நொத்தாரிசிடம் எழுதுவித்தது அது. அதற்கு முந்திய உறுதிகளின் தொடர்ச்சியைக் காட்டாவிட்டால் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்குமுன், அது ஐயாயிரமாக இருந்தாலும், அந்தக் காணி இருக்கிற பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். செங்கலடிக் காணிக்கு ஏறாவூர்ப்பற்று, நகரத்துக்கு மண்முனை வடக்கு, வவுணதீவுக்கு மண்முனை மேற்கு. வேறு செயலகத்துக்குப் போனால் அரை நாள் வரிசையில் நின்ற பிறகு, “இது எங்கட பிரிவில்லை” என்று திருப்பி விடுவார்கள். வாசலில் நிற்கும்போது யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பெர்மிட் அல்லது அளிப்பு இலக்கம், பிளான் இலக்கம், துண்டு இலக்கம், கிராம சேவகர் பிரிவு ஆகிய நான்கும் கையில் வேண்டும். விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பேரேட்டில் இந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் யார், எனக்குக் கைமாற்ற அனுமதி கிடைக்குமா, பிரிக்க இடமுண்டா என்று கேளுங்கள்.

வாயால் சொல்கிற பதிலை எடுத்துக்கொண்டு வராதீர்கள். “ஓம், பிரச்சினையில்லை, வாங்கலாம்” என்று கவுண்டரில் ஒருவர் சொன்னதை நம்பி வாங்கியவர்கள் எனக்குத் தெரியும். பிறகு கேட்கும்போது அந்த அதிகாரி இடமாற்றம் பெற்றிருப்பார், புதியவருக்கு எதுவும் தெரியாது. கோவை கிடைக்கவில்லை என்பார்கள். காணி உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார், அடுத்த புதன் வாருங்கள் என்பார்கள். அடுத்த புதன் கூட்டம் இருக்கும். வாழைச்சேனையிலோ வாகரையிலோ இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவருக்கு அந்தப் புதன் என்ன விலை என்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

இதற்கு நான் கண்ட வழி: முதல் தடவையே கேள்விகளைத் தமிழில் கடிதமாக எழுதி இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதியோடு கிடைத்ததற்கான முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் வேண்டும் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதம் காணாமல் போயிருந்த கோவை அந்த விண்ணப்பத்தின் பிறகு மேசைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அனுமதி கிடைத்தாலும் அதில் உங்கள் பெயரும், அந்தத் துண்டும், விற்பனை என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். மகனுக்கு நன்கொடை கொடுக்க வாங்கிய பழைய அனுமதியை உங்களிடம் நீட்டுவார்கள். அது உங்களுக்கு உதவாது.

உறுதிக் காணிதான் என்று நிச்சயமானால் காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது அந்தக் காணியின் உறுதிப் பதிவுகளை, பார்ப்பிக்க வேண்டும். குறைந்தது முப்பது வருடத் தொடர்ச்சி. இந்த வேலையை உங்கள் செலவில், நீங்கள் தெரிவு செய்த நொத்தாரிசிடம் கொடுங்கள். தரகர் கூட்டி வருகிற நொத்தாரிசிடம் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிற வழக்கம் என்பதால் இதில் ஒரு கூடுதல் கவனம் தேவை. விலை பேசுகிறவர் கணவனாக இருப்பார், உறுதி மனைவி பெயரில் இருக்கும். மனைவி பெயரில் சீதன உறுதி இருக்கும், ஆனால் அவருடைய தாய் தனக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார். அந்த அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வீட்டில் அவர் சாகும்வரை இருக்கலாம்.

உரியவர் சுவிஸிலோ கனடாவிலோ இருந்து அற்றோர்ணித் தத்துவம் (தனக்குப் பதிலாக விற்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பியிருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். கொடுத்தவர் இறந்தவுடன் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள், அல்லது 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். வயலை மண் போட்டு நிரப்பிய காணியென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து அனுமதியைக் கேளுங்கள், அது இல்லாமல் வீட்டுப் பிளான் பாஸ் ஆகாது. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வாவிக்கரையிலும் கட்டக் கூடாத ஒதுக்கு நிலம் உண்டு. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், உவர் என்றால் உன்னிச்சைத் தண்ணீர்க் குழாய் அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டிய வீடென்றால் பிளான் அங்கீகாரமும், அந்தப் பிளான்படியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது.

விற்பனை உறுதி நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840 இலிருந்து அதுதான் சட்டம். முத்திரை வரி பெறுமதியில் கிட்டத்தட்ட நான்கு வீதம் வரும், அதையும் கணக்கில் ஒதுக்குங்கள். வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாளை பிரச்சினை வந்தால் நீங்கள் கொடுத்த மீதிக் காசுக்குச் சாட்சி இருக்காது. எழுதி முடிந்த பிறகு, “பதிவு நாங்க பாத்துக்கொள்ளுறம்” என்று சொன்னால் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், முதலில் பதிந்த உறுதிக்குத்தான் பொதுவாக முன்னுரிமை. அந்தக் கிழமையே காணிப் பதிவகத்துக்குப் போய், பதிவு இலக்கத்தை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்.