கையில் காசில்லையா? அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்

"மழை விட்டு ரப்பர் பால்வெட்டு தொடங்கட்டும், அப்புறம் கொண்டு வரலாம்னு இருந்தோம் டாக்டரே."

அருமனைப் பக்கத்திலிருந்து பொமரேனியன் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்த அக்கா சொன்னது இது. எட்டு வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யாதது. இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. இரண்டு வாரமாகச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டுத் தண்ணீராகக் குடித்திருக்கிறது, பின்பக்கம் சீழ் வடிந்திருக்கிறது. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சைதான் வழி. ஆனால் மேசையில் ஏற்றி மயக்கம் கொடுக்கும் நிலையை நாய் தாண்டியிருந்தது. அன்று இரவே போய்விட்டது.

இப்படி எத்தனை பார்த்தாயிற்று. அந்த அக்காவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்த "அப்புறம்" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கை வறண்டு போகும் மாதங்கள் எல்லோருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டு நின்றுவிடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கிழக்கே சின்னமுட்டத்தில் அது ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14 வரை போகும். அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. பிள்ளைகளுக்கு நோட்டும் சீருடையும் வாங்கவே காசு போதாது, நாய்க்கு எங்கே செலவு செய்ய என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் உங்கள் வீட்டு வரவு செலவு தெரியாது. மழை பெய்து வயலிலும் ஓடையிலும் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் கூடத்தான் செய்யும்.

என்னை அதிகம் வாட்டுவது மக்கள் மனதில் இருக்கும் ஒரு கணக்கு. "நாயைக் கொண்டு போனால் ஐயாயிரமாவது ஆகும். கையில் ஐந்நூறுதான் இருக்கிறது. ஐந்நூறை வைத்துக்கொண்டு போனால் மானம்தான் போகும். ஐயாயிரம் சேரட்டும், போகலாம்." இதைவிடத் தப்பான கணக்கு வேறு இல்லை. வைத்தியம் என்பது பஸ் டிக்கெட் இல்லை, மார்த்தாண்டத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்ல. ஒரே நோய்க்கு ஐயாயிரத்துக்கும் வழி உண்டு, ஆயிரத்துக்கும் வழி உண்டு, சில நேரம் ஐந்நூறுக்கும் உண்டு. முதல் நாள் வந்தால் இந்த மூன்றில் எதை எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசலாம். ஐந்தாவது நாள் வந்தால் ஐயாயிரத்து வழி ஒன்றுதான் மிச்சம் இருக்கும், அதுவும் பலிக்குமா என்று தெரியாது. காசு சேரச் சேர நோயும் சேர்ந்து வளர்கிறது. உங்கள் கையில் ஆயிரம் சேர்வதற்குள் செலவு நாலாயிரம் கூடியிருக்கும். இதை நான் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன், தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த முறையும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

தலையாட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஐந்து நாள் டிரிப்ஸ் என்று அடுக்கும்போது "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வெளியே போய் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்குப் போவது. வெட்கம்தான் காரணம், புரிகிறது. ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. நாங்கள் ஏன் முதலில் முழுப் பட்டியலையும் சொல்கிறோம்? குறைந்த செலவு வழியை நாங்களாகச் சொல்லி, நாய் செத்துப்போனால், "சரியாகப் பார்க்காமல் கொன்னுட்டான்" என்று ஊர் முழுக்கப் பேச்சு வரும். எங்கள் படிப்பில் ஐந்தரை வருடம் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாம் சொல்லித் தந்தார்கள், வீட்டுக்காரரிடம் காசைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நீங்களே வாயைத் திறங்கள். "சார், இன்று என்னிடம் எண்ணூறு ரூபாய்தான் இருக்கிறது. இதற்குள் எது முக்கியமோ அதைச் செய்யுங்கள்" என்று சொன்னால் போதும். மனசாட்சியுள்ள எந்த டாக்டரும் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

குறைந்த செலவு வைத்தியம் என்றால் அரைகுறை வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். குட்டிகளுக்கு வரும் பார்வோ வயிற்றுப்போக்கையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் வைத்து, நரம்பில் இடைவிடாமல் டிரிப்ஸ் ஏற்றுவதுதான் சிறந்த வழி. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 40 குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியே நீர் ஏற்றி நிலைப்படுத்திவிட்டு, பாதிக் குட்டிகளுக்கு முழு உள்நோயாளி வைத்தியமும், மீதிக்குத் தோலுக்கடியில் திரவம், வாந்தி நிற்க ஊசி, ஒரு ஆன்டிபயாடிக் என்று வெளிநோயாளிகளுக்குச் செய்யக்கூடிய வைத்தியமும் தந்தார்கள். முதல் கூட்டத்தில் 90 சதவீதம் பிழைத்தன, இரண்டாவதில் 80. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றும் செய்யாமல் வீட்டில் போட்டு வைத்தால் பெரும்பாலும் செத்துத்தான் போகும், அதோடு ஒப்பிட்டால் 80 எவ்வளவோ மேல். ஒரு நிபந்தனை, குட்டி முதல் நாளே வர வேண்டும். வாந்தியோடு கஞ்சித் தண்ணியைச் சிரிஞ்சில் வைத்து வாயில் அடித்து, அது நுரையீரலுக்குள் போய், மூன்றாம் நாள் கொண்டு வந்தால் கொலராடோவும் இல்லை, குலசேகரமும் இல்லை.

உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். காய்ச்சல், வெளிறிய ஈறு, காதுக்குள் உண்ணி. விலை கூடிய பரிசோதனைக் கிட்டுக்குக் காசில்லையா, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதற்கும் இல்லையா, அறிகுறியை வைத்தே டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். மனிதர்களுக்கு விற்கும் அதே மருந்துதான். ஜெனரிக் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கிடைத்தால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டிய மாத்திரையை ஐந்தாம் நாள், "இப்போ நல்லா சாப்பிடுதே" என்று நிறுத்திவிட்டு, ரெண்டு மாதம் கழித்து மறுபடி வருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் மிச்சம் பிடித்த காசு எல்லாம் போகிறது.

மனித மருந்து என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று டாக்டர் எழுதினால்தான் அது மருந்து. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். அரை மாத்திரை தானே என்ற கதை வேண்டாம், அரையும் கொல்லலாம். கால் வலி என்று நாய்க்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கொடுத்தால் குடலில் புண் வரும், சிறுநீரகம் போகும். புழுப்புண்ணில் பினாயில் ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மங்கலான ஒரு படத்தை அனுப்பி "என்ன மாத்திரை கொடுக்கலாம் சார்" என்று கேட்பவர்களும் அப்படியே.

காத்திருக்கக் கூடாதவை எவை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தராதீர்கள். பெரும்பாலும் சிறுநீர் அடைப்புதான், ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெண் நாய் தண்ணீர் அதிகம் குடித்தால் அன்றே வாருங்கள். சீழ் வெளியே வடியாத வகை இன்னும் மோசம், வயிறு மட்டும் உப்பும். மூச்சு இரைப்பு, பாம்புக்கடி, தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப்போக்கும், இவற்றில் எதற்கும் அடுத்த சம்பளம் வரை நேரம் இல்லை. பல்லில் கறை, காதில் அழுக்கு, லேசான சொறி, ரொம்ப நாளாக அதே அளவில் இருக்கும் கட்டி, இவையெல்லாம் தடைக்காலம் முடிந்து வரலாம், தப்பில்லை.

அப்புறம் மாட்டாஸ்பத்திரி. "அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும்தானே பார்ப்பார்கள்" என்று இன்றும் கேட்கிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் நாயும் பூனையும் பார்ப்பார்கள். கையிருப்பில் உள்ள மருந்துக்குக் காசு இல்லை, இல்லாததை வெளியே வாங்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எல்லா ஊர் மருந்தகத்திலும் எக்ஸ்ரே இருக்காது, அறுவை சிகிச்சை நடக்காது. பெரிய பிரச்சினை என்றால் நாகர்கோவிலுக்கு அனுப்புவார்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அதைத் தாண்டித் திருவனந்தபுரம் ஓடுகிறோம். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் டாக்சிக்குக் கொடுக்கும் காசில் இங்கேயே பாதி வைத்தியம் முடிந்திருக்கும். 1962 என்ற இலவச எண் முக்கியமாக மாடு ஆடு வளர்ப்போருக்கானது. மரச்சீனி (மரவள்ளி) தோலைத் தின்று ஆடு துடிக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள், தயங்காதீர்கள்.

தனியார் மருத்துவமனையில் ஏன் கூடுதல் என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. மனிதர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, பெரிய செலவை அது தாங்குகிறது. நாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. சில கம்பெனிகள் செல்லப்பிராணிக் காப்பீடு தருகின்றன, நம் ஊரில் அதை எடுத்தவர்களைக் காண்பது அபூர்வம். வாடகை, மின்சாரம், மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனைத் திரவம் எல்லாவற்றையும் உங்கள் பையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் கேளுங்கள், தவணை கேளுங்கள், மலிவான வழி கேளுங்கள். கேட்காமல் வெளியே போய்த் திட்டாதீர்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம் என்றும் கேட்பீர்கள். கால்சியம் டானிக், முடி பளபளக்கும் எண்ணெய், வாசனை ஷாம்பூ, கடையில் தொங்கும் எலும்பு பிஸ்கட், இத்தனையும் விடலாம். சோற்றோடு சாளை மீனை உப்பு, மிளகாய் போடாமல் வேகவைத்து, முள் எடுத்துப் போட்டு, இடையிடையே ஒரு முட்டையும் கொடுத்தால், உடம்பில் வேறு கோளாறு இல்லாத வளர்ந்த நாய் கஷ்டமான இரண்டு மாதத்தைத் தாராளமாகக் கடக்கும். பூனைக்கு வெறும் சோறு ஆகாது, அதற்கு மீனோ இறைச்சியோ கட்டாயம்.

தடுப்பூசியில் மட்டும் கை வைக்காதீர்கள். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகும் வரை. ஒன்று போட்டால் போதும் என்று நின்றுவிடாதீர்கள், பார்வோ அந்த இடைவெளியில்தான் புகுகிறது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். இதைத் தள்ளிப் போட்டால் ஆபத்து நாயோடு நிற்காது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. காசில்லை என்ற காரணமும் இதற்குச் செல்லாது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையும் ஒட்டி அரசு மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம், பக்கத்து மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கருத்தடையையும் கை சுகமாக இருக்கும் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். "ஒரு தடவை குட்டி போட்டால்தான் நாய்க்கு ஆரோக்கியம்" என்பது யார் கட்டிய கதையோ தெரியவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாய் நன்றாக இருக்கும்போது செய்யும் கருத்தடையைவிட, சீழ் கட்டிய பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் அதே அறுவை சிகிச்சைக்குப் பல மடங்கு ஆகும்.

எவ்வளவு பார்த்தும் முடியவில்லை, காசும் இல்லை, நாயும் வலியில் துடிக்கிறது என்ற நிலை சிலருக்கு வரும். அப்போது இரவோடு இரவாகச் சொத்தவிளைக் கடற்கரையிலோ, வடசேரி சந்தைப் பக்கமோ இறக்கிவிட்டுப் போகாதீர்கள். அப்படிப் பட்டினிக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதைவிட, அது உங்கள் வண்டிச் சத்தத்துக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கும். டாக்டரிடம் வந்து சொல்லுங்கள். வலியில்லாமல் போக வழி செய்வதும் எங்கள் வேலைதான். அதைக் கேட்பதால் உங்களை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

வரும்போது பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை, வீட்டில் ஏற்கெனவே கொடுத்த மாத்திரையின் அட்டை எல்லாம் எடுத்து வாருங்கள். என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காதீர்கள், நான் திட்டினாலும் பரவாயில்லை. பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள், காற்று போகும் ஒரு பழக்கூடையும் மேலே கட்டத் துணியும் போதும்.